ஓவர் சொல்லாதவன்

அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் கைக்கு வந்ததும் நானும் கிள்ளானில் இருக்கும் என் நண்பனும் ஆளுக்கொரு கையடக்க ரேடியோ வாங்கினோம். பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசவேண்டும். விட்டால்தான் எதிராளியின் குரல் கேட்கும். பேசி முடித்ததும் "ஓவர்" சொல்லச் சொன்னான் அவன். நான் என்ன சினிமா போலீஸா? மாட்டேன் என்றுவிட்டேன்.

ஒருநாள் மாலை, "ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்ல எல்லாரும் சாப்பிட வாங்கடா, ஓவர்" என்றான். அந்த ஞாயிறுதான் என் பிரிக்பீல்ட்ஸ் வீட்டு பால்கனியில் ஆன்டெனா மாட்டுவதாக இருந்தேன். "எங்களால வர முடியாது" என்று சொல்லிவிட்டு ரேடியோவை அணைத்துவிட்டேன்.

ஞாயிறு மதியம் போன் அடித்தது. "நண்டு ஆறிப்போச்சு லா. எங்கடா இருக்கீங்க?"

"முடியாதுன்னு சொன்னேனே!"

"'வர முடி'ன்னுதான் கேட்டுச்சு."

பட்டனை அவசரப்பட்டு விட்டிருக்கிறேன். தமிழில் ஆமாம், இல்லை இரண்டும் வாக்கியத்தின் வாலில்தான் இருக்கின்றன. என் கட்டைவிரல் அந்த வாலை நறுக்கிவிட்டது. இருந்தும் கோபம் எனக்குத்தான் வந்தது.

"அதை முடியும்னு நீயா எப்படிடா முடிவு பண்ணுன?"

"என்னைக்குடா நீ எனக்கு முடியாதுன்னு சொல்லியிருக்க?"

கையிலிருந்த ஆன்டெனாவைக் கீழே வைத்தேன். "கிளம்பிட்டோம்டா" என்றேன். பிறகு, போனிலேயே, "ஓவர்."