சுவரை மறைத்த பூக்காரி

எங்கள் தெரு ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கிறது. முனையில் ஒரு நீண்ட மதில். பல வருடங்களாக அங்கே குப்பையும் மூத்திர நாற்றமும்தான். ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வந்து, தெருவில் இருப்பவர்களையே அதில் வரைகிறோம் என்றபோது, குடியிருப்போர் சங்கச் செயலாளராக நான்தான் கையெழுத்துப் போட்டேன். இஸ்திரி போடுபவர், பால்காரர், மதிலடியில் உட்கார்ந்து பூக் கட்டி விற்கும் அம்மாள் எல்லோரும் ஆளுயரத்துக்கு மேல் சுவரில் வந்துவிட்டார்கள்.

குப்பை கொட்டுவது நின்றது. வெகுநாளாகப் பேச்சு இல்லாத இரண்டு வீட்டார், வர்ணம் அடித்தவர்களுக்கு ஏணி பிடித்ததில் பேச ஆரம்பித்தார்கள். கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் எங்கள் தெருவுக்குள்ளும் திரும்பிப் படம் எடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வந்தவர்களில் ஒருவர், பூக்கூடையும் குடையும் ஓவியத்தை மறைக்கின்றன என்றார். மறுநாள் காலையில் அந்த அம்மாளிடம் போனேன்.

“கொஞ்சம் தள்ளி உட்காருங்கம்மா. படம் மறைக்குது.”

“என்னை நானே மறைக்கிறேனா சார்? நல்லா இருக்கே கதை.” சிரித்தார். “சுவத்துல இருக்கிறவ பூ விப்பாளா? நான் எங்க போறது?”

“அந்தச் சந்துல உட்காருங்களேன்.”

சந்துக்குள் யார் பூ வாங்க வருவார்கள் என்று நான் யோசிக்கவில்லை. அல்லது தெரிந்தேதான் சொன்னேனோ, இப்போது நிச்சயமில்லை.

பத்து நாள் சந்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு காணவில்லை. ஓவியத்தைக் காட்டி, “இவங்க இங்கதான் இருக்காங்களா?” என்று வெளியூர்ப் பெண் ஒருத்தி கேட்டாள்.

இஸ்திரிக்காரரிடம் விசாரித்துச் சமயபுரத்துக்குப் பஸ் ஏறினேன். கடைகளுக்கெல்லாம் கடைசியில், வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க சார். படத்துக்கு ஏதும் ஆயிடுச்சா?”

“இல்லம்மா. தப்புப் பண்ணிட்டேன். திரும்ப வந்துடுங்க.”

“எங்க உட்கார்றது? அங்க இப்ப ஐஸ்கிரீம் வண்டி நிக்குதாமே.”

நிற்கிறது. அதற்கும் தலையாட்டியவன் நான்தான். வண்டி அவருடைய குடையைவிடப் பெரியது. அது ஓவியத்தை மறைப்பதாக யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

“முதல்ல அந்த வண்டிக்காரர்கிட்ட பேசுங்க. அப்புறம் என்னைக் கூப்பிடுங்க,” என்று சொல்லிவிட்டுப் பூவைத் தொடுக்க ஆரம்பித்தார்.

வண்டிக்காரரும் பிழைக்க வந்தவர். அவரைக் கிளப்பினால் அது பரிகாரமா, இரண்டாவது தப்பா? தெருவுக்கு நல்லது செய்ததும் நான், அந்த அம்மாளை எழுப்பியதும் நான். இரண்டையும் சேர்த்து நினைத்தால் குழம்பிப் போகிறேன். தினமும் அந்த வண்டிவரை போகிறேன். இன்னும் பேசவில்லை.