பதிப்பாளரின் கையெழுத்து

எங்கள் வாப்பா பதிப்பித்த மூன்று புத்தகங்களிலும் என் கை இருக்கிறது. இரண்டு விரல்களுக்கிடையில் காசு நிற்பது, உள்ளங்கையில் சின்னப் பந்து ஒளிந்திருப்பது, கயிற்றின் நடுப்பகுதி பெருவிரலுக்குப் பின்னால் வளைந்து போவது எல்லாம் என் வலது கையைப் பார்த்துக் கீறிய படங்கள். இரண்டாவது புத்தகத்தின் கயிற்றுப் படத்தில் மட்டும் அது இடது கையாகிவிட்டது. அந்தப் பிழையைப் பற்றிக் கேட்டுத்தான் தம்பிலுவில் என்ற தமிழ் ஊரிலிருந்து ஒரு பள்ளிக்கூட மாஸ்டரின் முதல் கடிதம் வந்தது.

எழுபதுகளின் கடைசியில் கல்முனையில் வாப்பாவுக்கு ஒரு சின்ன அச்சகம் இருந்தது. வீட்டின் முன் அறைதான் அச்சகம். காலால் மிதிக்கிற ஒரு மெசின், நாலைந்து எழுத்துப் பெட்டிகள், காகிதம் வெட்டுகிற ஒரு கத்தி. கலியாணக் கார்டும் பில் புத்தகமும் பள்ளிவாசல் அறிவித்தலும் அடித்துத்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. ஆனால் யாராவது தொழில் என்னவென்று கேட்டால் வாப்பா, “புத்தகம் போடுறன்” என்றுதான் சொல்லுவார். என்ன புத்தகம் என்று கேட்டால் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்து, “மெஜிக் புத்தகம்” என்பார்.

இளவயதில் கொழும்பில் அச்சு வேலை பழகப் போனபோது ஒரு காணிவேல் விழாவில் மெஜிக் காட்டியவரை மூன்று நாள் தொடர்ந்து போய்ப் பார்த்தாராம். அதிலிருந்து பிடித்த ஆசை. ஊருக்கு வரும்போது அந்தக் கலையைப் பற்றிய இரண்டு பழைய இங்கிலீசுப் புத்தகங்களையும் கொண்டுவந்தார். ஆசை இருந்ததே தவிர, கை வரவில்லை. மையேறிய தடித்த விரல்களுக்குள் ஒரு காசு கூட மறையாது. ‘டங்’ என்று நிலத்தில் விழுந்து உருண்டோடும். மெஜிக் புத்தகம் போடுகிறவருக்கு ஒரு மெஜிக்கும் வராது என்பது எங்கள் வீட்டுச் சுவர்களுக்குள் மட்டும் இருந்த செய்தி.

புத்தகத்தின் முதல் பக்கத்தில், இதில் சூனியமும் இல்லை, வசியமும் இல்லை, விரல்களின் பழக்கம் மட்டுமே உண்டு என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார். அதை வாசித்தும் ஆட்கள் வருவார்கள். காணாமல் போன மாட்டைக் கண்டுபிடிக்க ஒருவர் வந்தார். இன்னொரு முறை ஒரு பெண் வந்து, புருசனைத் திருப்பி எடுக்க எத்தனையாவது பக்கம் என்று உம்மாவிடம் இரகசியமாகக் கேட்டாள். உம்மா அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்து, வெகுநேரம் அவள் கதையைக் கேட்டுவிட்டு அனுப்பினா.

அந்தப் புத்தகங்களை எழுதியது சாச்சி. உம்மாவின் ஒரே தங்கை. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அப்படி வாப்பா வந்தது உம்மாவின் வீட்டுக்கு. சாச்சிக்கென்று பக்கத்து வளவில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அதைக் கட்டியவர் மாமா, உம்மாவும் சாச்சியும் காக்கா என்று கூப்பிடுகிற ஒரே அண்ணன். சம்மாந்துறையில் பெண் எடுத்து, அங்கேயே வயல் செய்துகொண்டிருந்தார். சுவர் நாலும் எழும்பி, கூரைக்குக் காத்திருந்தது. கூரை வந்ததும் மாப்பிள்ளை வருவார் என்பது எல்லாருக்கும் தெரிந்த ஒழுங்கு. அதுவரை சாச்சி எங்களோடு இருந்தா.

பள்ளிக்கூடத்தை விட்டுக் கெட்டிக்காரியாக வெளியே வந்து வீட்டுக்குள் அடைந்து கிடந்த சாச்சி, பொழுது போகாமல் அந்த இங்கிலீசுப் புத்தகங்களை அகராதியோடு வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினா. ஒரு மாதத்தில் வாப்பாவின் முன்னால் காசை மறைத்துக் காட்டினா. வாப்பா வாயைப் பிளந்தபடி நின்றாராம். முதல் புத்தகம் அப்படி வந்தது. மூன்றாவது புத்தகத்தில் பாதி வித்தைகள் சாச்சியே யோசித்துப் பிடித்தவை.

பகல் ளுஹர் தொழுத பிறகு என்னைக் கூப்பிட்டு, கையில் காசைத் தந்து, அசையாமல் இருக்கச் சொல்லி வரைவா. பிறகு பழைய ரப்பர் செருப்பின் அடியைச் சமமாக வெட்டி, அதில் பிளேட் துண்டால் படத்தைச் செதுக்குவா. கட்டையில் ஒட்டி மையைத் தடவினால் அச்சு ரெடி. இடம் வலமாகச் செதுக்க வேண்டும் என்பதை அந்த இரண்டாவது புத்தகத்தில் ஒரு தரம் மறந்துவிட்டா, அவ்வளவுதான்.

வித்தைகளின் இரகசியத்தை ஒருத்தரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தா. உப்பும் கொச்சிக்காய்த்தூளும் போட்ட மாங்காயை நீட்டி என் கூட்டாளி கேட்டபோதும் நான் வாய் திறக்கவில்லை. வேறு எதையும் சொல்லக்கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வாசகர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் சாச்சிதான். வாப்பாவின் எழுத்து கோழி கிளறினதுபோல இருக்கும். சாச்சி முத்து முத்தாக எழுதி, கீழே ‘பதிப்பாளர்’ என்று போடுவா. வாப்பா கொண்டுபோய்த் தபாலில் போடுவார். பதுளையிலிருந்தும் மன்னாரிலிருந்தும் கூடக் கடிதங்கள் வந்தன. ஆனால் விடாமல் எழுதியவர் தம்பிலுவிலைச் சேர்ந்த அந்த மாஸ்டர் ஒருவர்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டக் கயிற்று வித்தையைப் பழகுவதாகவும், படத்தில் இடது கை இருப்பதால் குழம்பிவிட்டதாகவும் எழுதியிருந்தார். சாச்சி புதிதாகப் படம் கீறி அனுப்பினா. அவர் சந்தேகம் கேட்டார். சாச்சி விளக்கினா. அப்படி ஏழெட்டுக் கடிதங்கள் போய் வந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, மாமா கூரை விஷயம் பேச வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து மாஸ்டரும் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, குடை, பை நிறைய மாம்பழம். வாப்பாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மாமாவின் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துவைத்தார். மாஸ்டர் பையிலிருந்து கயிற்றை எடுத்து, எல்லாரும் பார்க்க இரண்டாக வெட்டி, ஊதி, ஒரே கயிறாக நீட்டினார். மாமா கூடச் சிரித்துவிட்டார். எனக்கு என் கையே அதைச் செய்ததுபோல இருந்தது.

“உங்கட கடிதங்கள் இல்லாட்டி எனக்கு இது வந்திருக்காது,” என்று மாஸ்டர் புத்தகத்தை வாப்பாவிடம் நீட்டினார். “இதுல ரெண்டு வரி எழுதித் தாங்க. உங்கட அந்த வடிவான எழுத்தால.”

வாப்பா எழுதினார். மாஸ்டர் அதைப் பார்த்தார். பிறகு, தான் கையோடு கொண்டுவந்திருந்த கடிதக் கட்டைப் பார்த்தார்.

“இது அவசரத்துல எழுதினது மாஸ்டர்,” என்றார் வாப்பா. அவருடைய முகம் வேர்த்திருந்தது. வாப்பா வெட்கப்படுகிறார் என்று நினைத்து நான் உதவிக்குப் போனேன்.

“கடிதத்துல உள்ளது சாச்சிட எழுத்து. வாப்பாட எழுத்து ஒருத்தருக்கும் விளங்காது. புத்தகம் எழுதினதும் சாச்சிதான், படம் கீறினதும் சாச்சிதான்.”

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. “அப்ப நான் அவவுக்கெல்லோ நன்றி சொல்ல வேணும்,” என்றார்.

மாமா கையை நீட்டினார். “அந்தக் கடிதங்களக் கொஞ்சம் தாங்க பாப்பம்.”

மாஸ்டர் சந்தோசமாகவே கொடுத்தார். மாமா ஒரு தாளைப் பிரித்து வாசித்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு தரம் வாசித்தார். ‘அவசரப்படாதீர்கள். உங்கள் விரல்கள் படும் பாட்டை நான் இங்கிருந்தே காண்கிறேன். கையைத் தளர்வாக விடுங்கள். பழகப் பழக எல்லாம் இலேசாகும்.’

“இது எங்கட புள்ள எழுதினதா?”

“கயித்து வித்தைக்குத்தான் மச்சான்,” என்றார் வாப்பா.

“கயிறு எண்டு இதுல எங்க இரிக்கி?”

“முதல் தாள் இதுல இல்ல,” என்றார் மாஸ்டர். சிரிப்பு மறைந்து, மாமாவின் சந்தேகம் அவருக்கும் இப்போது விளங்கத் தொடங்கியிருந்தது. “படம் கீறின தாளெல்லாம் பார்த்துப் பழக எண்டு வீட்டுல வச்சிருக்கிறன். அதைப் பார்த்தா உங்களுக்கு விளங்கும். நான் கொண்டுவந்து காட்டுறன்.”

“வர வேணாம் மாஸ்டர்.”

மாமா மரியாதையாகத்தான் சொன்னார். கடிதங்களை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திரைக்குப் பின்னால் தேத்தண்ணித் தட்டோடு சாச்சி நின்றது எனக்குத் தெரிந்தது. தட்டு நிலத்தில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. மாஸ்டர் தேத்தண்ணி குடிக்காமலே போனார்.

வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. மச்சானான வாப்பாவும் மச்சினிச்சியான சாச்சியும் ஒரே புத்தகத்தில் குனிந்திருந்தது, முகம் தெரியாத ஆம்பிளைக்கு வீட்டுப் பெண் கடிதம் எழுதியது, இதெல்லாம் வெளியே போனால் என்ன ஆகும் என்று மாமா முற்றத்தில் நின்று தாழ்ந்த குரலில் வாப்பாவிடம் கேட்டார். மாமா போகும்போது உம்மாவிடம், “கூரை மெல்லமாப் போடலாம். மாப்பிள்ளய நான் கெதியாப் பாக்கிறன்,” என்றார்.

நாலாவது புத்தகத்துக்கு ஈய எழுத்துக் கோத்த பக்கங்கள் நூலால் கட்டி மேசையில் இருந்தன. வாப்பா இரண்டு நாள் உட்கார்ந்து அவற்றைப் பிரித்து, ஒவ்வொரு எழுத்தாகப் பெட்டிகளில் திருப்பிப் போட்டார். அந்த எழுத்துகளைக் கொண்டு பிறகு அவர் கோத்தது சாச்சியின் கலியாணக் கார்ட்.

அந்த நாட்களில் படம் கீறச் சாச்சி என் கையைக் கேட்கவில்லை. ஒரு நாள் சாச்சி எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது நானே சொன்னேன்.

“நான் வித்தை ஒண்டையும் ஒருத்தருக்கும் சொல்லல்ல சாச்சி.”

“ஓம் புள்ள,” என்றா. “நீ ஒண்டும் சொல்லல்ல.” சீப்பு அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

நான் செய்தது பிழை என்று அந்தக் குரலில்தான் எனக்குத் தெரிந்தது. என்ன பிழை என்று தெரியவில்லை. மாஸ்டரால் வந்த வினை என்று மட்டும் முடிவுசெய்துகொண்டேன். தம்பிலுவிலிலிருந்து இனி ஒன்றும் வரக்கூடாது.

இரண்டு கிழமை கழித்து, நான் பள்ளிக்கூடத்தால் வந்து படலையைத் திறக்கிற நேரம், தபால்காரர் சைக்கிளில் இருந்தபடியே ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டினார். தடித்த கடிதம். உள்ளே பல தாள்கள் மடித்திருப்பது கைக்குத் தெரிந்தது. அனுப்பியவர் முகவரியில் தம்பிலுவில் என்றிருந்தது. அச்சக முகவரிக்குத்தான் வந்திருந்தது. ஆனால் மேலே எழுதியிருந்த பெயர் வாப்பாவின் பெயரல்ல, பதிப்பாளர் என்றும் இல்லை. மாமாவின் பெயர்.

இது மாமாவின் கைக்குப் போகக்கூடாது. நேரே குசினிக்குப் போனேன். சோற்றுப் பானைக்குக் கீழே பொச்சுமட்டை எரிந்துகொண்டிருந்தது. கடிதத்தை அதற்குள் தள்ளினேன். தடித்திருந்ததால் உடனே பிடிக்கவில்லை. ஓரம் கருகி, தாள்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

“என்ன புள்ள எரிக்கிறாய்?” என்று கிணற்றடியிலிருந்து உம்மா கேட்டா.

“பழைய தாள் உம்மா.”

அச்சகக்காரர் வீட்டில் தாள் எரிவதை யார் வந்து பார்ப்பார்கள். அன்று பகல் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். சாச்சியைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

கூரை போட்டுச் சுவர் பூசாத வீட்டில் சாச்சியின் நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளையாக வந்த சாச்சா நல்ல மனிதர், புடவைக் கடை வைத்திருந்தார். பிள்ளைகள் மூன்று பேர். குறை சொல்ல ஒன்றுமில்லாத வாழ்க்கைதான். ஆனால் தன் பிள்ளைகளுக்குக் கூடச் சாச்சி ஒரு காசை மறைத்துக் காட்டியதை நான் பார்க்கவில்லை. வாப்பாவும் அதன்பின் பில் புத்தகம் அடிக்கிறவராகவே இருந்தார். தொழில் என்னவென்று கேட்டால், “அச்சு வேலை” என்றார். பிறகு வந்த சண்டை வருடங்களில் கல்முனையிலிருந்து தம்பிலுவிலுக்குப் பஸ் ஓடாத நாட்கள் வந்தன. மாஸ்டர் என்ன ஆனார் என்று கேட்க ஆளும் இருக்கவில்லை.

எனக்குக் கலியாணம் பேசிய காலம். சாச்சியின் குசினியில் இரண்டு பேரும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். சாச்சி தலையை நிமிர்த்தாமலே சொன்னா.

“அந்த மாஸ்டர் காக்காக்கு ரெண்டு வரி எழுதியிரிக்கலாம். படம் கீறின தாள் இரிக்கி எண்டு சொன்னவர்தானே. அத அனுப்பியிருந்தா காக்கா பார்த்திருப்பார். காக்கா நியாயம் தெரிஞ்ச மனிசன்.”

அவ்வளவு வருடங்களாக அந்தக் கடிதத்துக்காக அவ காத்திருந்திருக்கிறா என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சொல்லியிருக்கலாம்.

“மறந்திருப்பார் சாச்சி,” என்றேன்.

சாச்சி தலையாட்டினா. மாஸ்டரின் நல்ல பெயரை இரண்டாவது முறையும் நான்தான் எரித்தேன். இப்போது சாச்சியும் இல்லை, மாமாவும் இல்லை.

அன்று அடுப்படியில் நின்ற எனக்கு நன்றாக வாசிக்கத் தெரியும். உறையின் மேலிருந்த பெயரை எழுத்துக் கூட்டாமலே வாசித்தேன். ஒளிக்க ஒன்றுமில்லாத ஒருவர்தான் நேரே மாமாவின் பெயருக்கு எழுதுவார் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.