வாப்பாவின் ஹெலிகொப்டர்

கட்டுகஸ்தோட்டையில் வெள்ளம் வந்த மறுநாள், ஹெலிகொப்டர் ஒன்று எங்கள் கூரைக்கு மேலே தாழப் பறந்தது. தகரம் அதிர, எனக்குப் பத்து வயதில் கேட்ட சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது.

அப்போது நாங்கள் அலவத்துகொடையில் இருந்தோம். மெக்கானிக்கான வாப்பா, விமானப்படைத் தொண்டர்களின் ஹெலிகொப்டர் பிரிவில் சேர்ந்திருந்தார். அழைப்பு வந்தால் கராஜைப் பூட்டிவிட்டுப் போவார். திரும்பும்போது சட்டையெல்லாம் எண்ணெய் வாடை; உம்மா அதை மூன்று தண்ணீரில் அலசுவா. காயப்பட்டவர்களை ஏற்றியதையும் வெள்ளத்தில் அரிசி இறக்கியதையும் சோறு தின்றபடி சொல்லுவார்.

"எங்கட மெஷின் எந்த மலைக்கும் போகும்."

ஒரு மாரியில் மண் சரிந்து கண்டி வீதி அடைபட்டது. அன்று காலை உம்மாவுக்குப் பிரசவ வலியோடு இரத்தம் போகத் தொடங்கியது. வாப்பா கடைக்கு ஓடிப் பிரிவுக்கு டெலிபோன் எடுத்தார். திரும்பியவர் வாசலிலேயே நின்றார்.

"என்ன சொன்னாங்க?" உம்மா கேட்டா.

"வராதாம். பெரியாள் ஒருத்தர விழாவுக்குக் கூட்டிட்டுப் போகோணுமாம்."

நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன் அந்த ஹெலிகொப்டர் எங்கள் வீட்டுக்கு மேலாகவே, விழா நடந்த பல்லேகலப் பக்கம் பறந்தது. பின்னேர அசர் தொழுகைக்குள் உம்மாவும் வயிற்றுப் பிள்ளையும் மௌத்தானார்கள். இருவரையும் ஒன்றாகவே அடக்கினோம்.

நாலாம் நாள் மறுபடி அழைப்பு வந்தது. போகாவிட்டால் படையினர் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள் என்பதால் வாப்பா போனார். வந்தபோது சட்டையை நான் அலசினேன். அதன்பிறகு அவர் கதை எதுவும் சொல்லவில்லை.

இன்று பறந்த ஹெலிகொப்டர், எதிர் மலையிலிருந்து ஒரு கர்ப்பிணியைத் தூக்கிக் காப்பாற்றிவிட்டதாகப் பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து சொன்னாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். வாய்தான் சொன்னது. உள்ளே பொறாமையாக இருந்தது.