நிஷாந்திக்கு வைத்த கொளுக்கி

பரமானந்தத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. "குடும்பம் எப்ப வருது?" என்று யார் கேட்டாலும், "இந்த மாதம் வந்திடுவாங்க" என்பார். தெரியாது என்று வாயால் சொன்னால் அதுவே பலித்துவிடும் என்ற பயம். மட்டக்களப்பில் விட்டுவந்த மனைவி தங்கராணியையும் மகள் நிஷாந்தியையும் கூப்பிட மனுப்போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. அவரோ பிராண்டே என்ற டெனிஷ் ஊரில் ஒரு கம்பளித் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, ஊருக்கு வெளியே ஒரு கிராமத்தில் வாடகைக்கு இருந்தார். சைக்கிளில் போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று. இது எப்படி முடியும் என்று அவர் யாரிடம் போய்க் கேட்பது?

1988 வசந்தத்தில் நகரசபை அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தை மூடப்போவதாக அறிவித்தது. பிள்ளைகள் பஸ்ஸில் பிராண்டேக்குப் போகட்டுமாம். பன்றிப் பண்ணைக்காரி இங்கருக்குப் பொறுக்கவில்லை. பெற்றோர் சேர்ந்து தாங்களே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கலாம், செலவில் பெரும்பங்கை அரசு தரும், எங்கள் பிள்ளை எங்கே படிப்பது என்பதை நாங்கள்தான் தெரிவு செய்வோம் என்று வீடுவீடாக ஏறி இறங்கினாள். முதலில் நாலு வீடுதான் தலையாட்டியது. மே மாதத்துக்குள் வேலிக்கு வேலி அறிவிப்புப் பலகை. "எதுக்கு வீண்வேலை?" என்றவர்களே முன்வரிசையில் நின்று கைதட்டினார்கள். ஆனாலும் சட்டம் கேட்ட எண்ணிக்கைக்கு ஒரு பிள்ளை குறைந்தது.

இங்கர் பரமானந்தத்தின் கதவைத் தட்டினாள். பிள்ளை உண்டா?

"ஏழு வயசில ஒரு மகள். இந்த மாதம் வந்திடுவா."

பழக்க தோஷம், வேறென்ன! இங்கர் அந்த இடத்திலேயே நிஷாந்தியின் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

அதன் பிறகு மனிதருக்கு நிம்மதி போனது. பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்ளுமா, நீந்தத் தெரியுமா என்று இங்கர் கேட்டுக்கொண்டேயிருந்தாள். பட்டியல் விஷயம் எப்படியோ கசிந்து, பிராண்டே பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் எங்களிடம் அனுப்புங்கள் என்று வந்தார். தேவசபைக்காரர் ஒருவர் தங்கள் பள்ளிக்கூடத்தின் படங்களைக் காட்டிவிட்டுப் போனார். கண்ணாலும் கண்டிராத பிள்ளைக்கு மூன்று பள்ளிக்கூடம் போட்டி! பரமானந்தம் மூவருக்கும் தேநீர் ஊற்றினார், மூவரிடமும் "இந்த மாதம்" என்றார்.

ஜூன் கடைசியில் இங்கர் படிவத்தோடு வந்தாள். பிள்ளை நாட்டுக்குள் வந்த தேதியை எழுத வேண்டுமாம். பரமானந்தத்துக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கியது. டெனிஷ் மறந்துபோய்த் தமிழிலேயே கத்தினார்.

"எந்தப் பள்ளிக்கூடம் வேணும் எண்டு மூண்டு பேர் வந்து கேட்டாச்சு! பிள்ளை உனக்கு வேணுமா எண்டு இந்த நாட்டில ஒருத்தரும் கேக்கயில்லையே!"

இங்கருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவர் அலுமாரியிலிருந்து நாலு கடிதங்களை எடுத்து அவள் முன்னால் போட்டார். நாலிலும் ஒரே வாசகம்: உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. படித்த இங்கரின் முகம் சிவந்தது. மறுநாள் கோப்பன்ஹேகனில் குடிவரவு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிள்ளை குறைகிறது, உடனே அனுப்பிவையுங்கள் என்று சண்டை பிடித்தாள். இரண்டு கிழமை கழித்து அவளுக்கும் ஒரு கடிதம் வந்தது. அதே வாசகம்.

கடைசி நேரத்தில் தபால்காரன் தன் மகனைச் சேர்த்ததால் பள்ளிக்கூடம் ஆகஸ்டில் திறந்தது. அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் குளிர்ச்சட்டை மாட்ட ஒரு கொளுக்கி, மேலே பெயர். நிஷாந்திக்கும் ஒன்று வைத்தார்கள். பரமானந்தம் சனிக்கிழமைகளில் அங்கே தரை கூட்டப் போவார். அந்த வெறும் கொளுக்கியைத் துடைத்துவிட்டு வருவார்.

அடுத்த வருடம்தான் பத்திரிகைகளில் நாறியது. தமிழர் குடும்பங்களின் விண்ணப்பங்களை மேலிடமே ஓரங்கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறது. "பரிசீலனையாம், மண்ணாங்கட்டி!" என்று பரமானந்தம் பத்திரிகையைக் கசக்கி எறிந்தார்.

1990 மாசியில் இருவரும் வந்து சேர்ந்தார்கள். நிஷாந்திக்கு ஒன்பது வயது. இங்கர் பூங்கொத்தோடு வந்து பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். கொளுக்கி நிஷாந்தியின் நெஞ்சு உயரத்துக்குத்தான் இருந்தது. அதற்கென்ன, உயர்த்தி அடிக்கலாம் என்று இங்கர் சிரித்தாள். நிஷாந்தி சிரிக்கவில்லை. குளிர்ச்சட்டையைக் கழற்றவுமில்லை.

அன்று பின்னேரம் பிராண்டேயில் தன் தொழிற்சாலையைக் காட்டப் பரமானந்தம் சைக்கிளை உருட்டிக்கொண்டு இருவரையும் கூட்டிப்போனார். எதிர்ப்புறம் நகரசபைப் பள்ளிக்கூடம். நிஷாந்தி அதன் ஜன்னல்களையும் தொழிற்சாலை வாசலையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"எனக்கு இந்தப் பள்ளிக்கூடம்."

"விசர்க் கதை கதைக்காத மகள்! ரெண்டு வருஷமா உன்ர பேரை எழுதி வச்சுக் காத்திருக்கிறாங்க. அந்த மனிசிக்கு நான் என்ன முகத்தோட சொல்றது?"

"இந்த ஜன்னலால நீங்க வேலை முடிஞ்சு வாறது தெரியும்."

"அங்க இருந்தாலும் நான் வருவன்தானே!"

"கடைக்குப் போயிட்டு வாறன் எண்டு சொல்லித்தானே போன நீங்க" என்றாள் நிஷாந்தி.

தங்கராணி வேறு பக்கம் பார்த்தாள். ஐந்து வருடத்துக்கு முன், ஊரில் வீட்டுப் படலையடியில், நாலு வயதுப் பிள்ளை அழக்கூடாதே என்று அவர் சொன்ன சொல் அது. பரமானந்தம் சைக்கிளைத் திருப்பினார். இங்கரிடம் அவரே போய்ச் சொன்னார். இந்த முறை டெனிஷில், நிதானமாக, மகள் தெரிவு செய்துவிட்டாள் என்று.