மேட்ச் நாள் நெகட்டிவ்

1. லாரி வந்தது, அப்பன் எங்கே?

நாமக்கல்லில் பாடி கட்டி முடித்த புது லாரி பட்டறையை விட்டு வெளியே வந்ததும் முதலில் பூஜை, அடுத்து போட்டோ. உச்சி வெயிலில் லாரி பளபளவென்று நிற்கும். அதன் நிழலில் குடும்பமே வரிசையாக நிற்கும். பிரிண்ட் போட்டால் இரண்டில் ஒன்றுதான் தேறும். முகம் தெரிந்தால் லாரி வெறும் வெள்ளையாகிவிடும். லாரி தெரிந்தால் முகமெல்லாம் கரி. எழுபதுகளின் பிற்பகுதியில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் ஃபிலிம் கழுவும் டார்க் ரூம் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே ஒரு லாரிக்காரர் படத்தை மேஜையில் போட்டு, "ஏனுங்க, எம்பட லாரி வந்திருக்குது, எம்பட அப்பன் எங்கீங்க?" என்று கேட்டார்.

இந்தக் கரியைத் தெளிய வைப்பவர் சரஸ்வதி அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஜன்னலோரம் உட்கார்ந்து, லென்ஸ் வழியாகப் பார்த்து, ஊசியாகச் சீவிய பென்சிலால் நெகட்டிவில் முகத்தைத் தீட்டுவார். அங்கே கறுப்பு ஏற ஏற, பிரிண்டில் முகம் வெளுக்கும். ரீடச்சிங் என்று பெயர். ஒரு குடும்பத்துக்கு அரை நாள் பிடிக்கும்.

2. அக்கா கேட்ட கேள்வி

எனக்குக் கிரிக்கெட் பைத்தியம். எதிர் டீக்கடையில் ரேடியோ இருந்தது. மேட்ச் நாட்களில் ஃபிலிமை டெவலப்பர் மருந்தில் பாதி நேரம் மட்டும் வைத்து, தண்ணீர் டிரேக்கு மாற்றி, திரையை இழுத்துவிட்டு ஸ்கோர் கேட்க ஓடுவேன். திரும்பி வந்துதான் படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போவில் போடுவேன். முதலாளிக்குத் தெரிந்தால் அன்றே சீட்டைக் கிழித்துவிடுவார் என்று பயம் இருந்தது. ஆனாலும் ஓடினேன்.

ஒருநாள் காலை அக்கா கூப்பிட்டார்.

"ஏப்பா பழனி, நேத்து மேட்ச் இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க்கா."

"முந்தாநேத்து?"

"இல்லீங்க."

இரண்டு நாள் நெகட்டிவையும் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "மேட்ச் அன்னிக்கு நீ கழுவுனதுல எனக்கு வேலையே இல்ல. லாரியும் இருக்குது, மூஞ்சியும் இருக்குது. என்னதான் பண்ற, ஒளிக்காமச் சொல்லு."

சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால் எத்தனை நிமிடம் என்று கேட்டார். ஒரு வாரம் துண்டு ஃபிலிம்களில் சோதித்தோம். டெவலப்பரில் பாதி நேரம். பிறகு ஆட்டாமல் தண்ணீரில் ஐந்து நிமிடம். காரணத்தையும் அவரே யோசித்துச் சொன்னார். ஃபிலிமில் வெயில் பட்ட லாரி விழுந்த இடத்தில் ஊறிய மருந்து சட்டென்று தீர்ந்து, லாரி வெளுக்காமல் நின்றுவிடும். நிழல் முகத்தில் தீராமல் வேலை செய்துகொண்டே இருக்கும். வேறு ஊரில் யாராவது இதை முன்பே கண்டிருக்கலாம். எங்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை.

3. பொன்னாடை

ஆறே மாதத்தில் ராசிபுரத்துக் கல்யாண ஃபிலிம்கள்கூட எங்களைத் தேடி வந்தன. சேலத்தில் போட்டோகிராபர்கள் கூட்டத்தில் முதலாளி மேடையேறி, இந்த முறை நம்ம பழனி கண்டுபிடித்தது என்று அறிவித்தார். பொன்னாடை போர்த்தினார்கள். அக்கா பெயரைச் சொல்ல வேண்டுமென்றால் நான் டீக்கடைக்கு ஓடியதையும் சொல்ல வேண்டும். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன். பொன்னாடையை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன் என்பதையும் மறைக்கவில்லை.

முகங்கள் தெளிவாக வந்ததும் பென்சிலுக்கு வேலை குறைந்தது. அக்காவை வாரம் மூன்று நாள் வந்தால் போதும் என்றார் முதலாளி. பிறகு வாரம் ஒரே நாள். கடைசியில் அக்கா சேலத்தில் வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம், "தண்ணிய ஆட்டாத" என்று மட்டும் சொன்னார்.

அதற்குமேல் தாங்கவில்லை. மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"நீ ஸ்கோர் கேக்க ஓடுனது எனக்குத் தெரியாதா? டீக்கடை உள்பெஞ்சுல நானுந்தான உக்காந்திருந்தேன்" என்றார். பிறகு, "சரசு சங்கதிய அன்னிக்கே சொல்லியிருந்தா, அந்தப் புள்ளைய நான் உட்டிருப்பனா?" என்றார்.

4. சேலத்துச் சுவர்

மன்னிப்புக் கேட்கச் சேலம் போக எனக்கு இன்னும் ஆறு மாதம் ஆயிற்று. ஒன்றரை மணி நேர பஸ்தான். அக்கா அங்கே டார்க் ரூம் பொறுப்பில் இருந்தார். என் பெயரைச் சொன்னதும் வேலையாட்கள் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஏன் என்று சுவரைப் பார்த்தபோது புரிந்தது. அக்கா கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: "மருந்தில் பாதி நேரம். தண்ணீரில் ஐந்து நிமிடம். ஆட்டக் கூடாது. இதை முதலில் செய்தவர் நாமக்கல் பழனிச்சாமி."

"என்னங்க்கா இப்படி எழுதி வச்சிருக்கீங்க?"

"மொதல்ல செஞ்சது நீதான? மேட்ச மட்டும் எழுதல."

மனப்பாடம் செய்து வந்த மன்னிப்பை அப்படியே விட்டேன். வெட்கமாக இருந்தது. பென்சிலை வாங்கி அடியில் ஒரு வரி சேர்த்தேன்: "கண்டுபிடித்தவர் சரஸ்வதி."

அக்கா படித்துப் பார்த்தார். "மேடையில சொல்ல வேண்டியத செவுத்துல எழுதற" என்றார்.

அடுத்த கூட்டத்தில் மேடையிலேயே சொன்னேன், மேட்சையும் சேர்த்து. சாப்பாட்டு நேரம், பாதிப் பேர் பந்திக்குப் போயிருந்தார்கள். எந்தத் தொழிலில் இருக்கும் இளையவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: ஒருவர் பெயரைச் சொல்ல அரை நிமிடம் போதும். பொன்னாடை விழுகிற அந்த அரை நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் கேட்க ஆள் இருக்காது.