வள்ளம் திரும்பாத பக்கம்

மூன்று வருடங்களுக்கு முந்திய மாசி மாதம். ரொறன்ரோவில் அந்தக் கிழமை முழுக்கப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற நூலகத்துக்கு ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கொடுத்துவிட்டு உடனே திரும்பியிருந்தால் இன்றைக்கு எழுத என்னிடம் ஒன்றும் இருந்திராது.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். ஊரில் சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்த காலத்தில் பள்ளிக்கூடமும் எங்களைப்போல மரத்துக்கு மரம் மாறியது. ஒருநாள் அதைத் தவறவிட்டேன், பிறகு பிடிக்கவே முடியவில்லை. ஆனால் வாசிப்பேன், மெதுமெதுவாக. இன்னொன்றையும் சொல்லவேண்டும். நான் சரியான பயந்தாங்கொள்ளி. அடுப்பை நிற்பாட்டினேனா என்று பஸ் தரிப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுவேன். நேரங்கெட்ட நேரத்தில் தொலைபேசி அடித்தால், எடுப்பதற்கு முன்பே யாருக்கென்று தெரியாமல் அழத் தொடங்கிவிடுவேன். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவர் நெடுந்தூர லொறி ஓட்டுகிறார். பனிக்காலத்தில் அவர் வினிபெக் வீதியில் ஓட, நான் குசினியில் நின்றபடியே அதே வீதியில் கூட ஓடிக்கொண்டிருப்பேன்.

அந்தப் புத்தகம் ஒரு நாவல். ஒரு கடற்கரை ஊர். அங்கே ஒரு பெண்ணும், வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிற அவளுடைய புருஷனும். தொடக்கத்தில் சந்தோசமாகத்தான் வாசித்தேன். அந்தப் பெண் கறிக்கு உப்புப் போட மறந்ததற்கெல்லாம் சிரித்தேன். பிறகு ஒரு பக்கத்தில் காற்று மாறியது. மற்ற வள்ளங்களெல்லாம் கரைக்கு வந்துவிட்டன. அவனுடையது மட்டும் வரவில்லை. அவள் மணலில் நிற்கிறாள்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி, குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே கோதுமைமா பைக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

என் கணவர் வீதியில் நிற்கும்போது, அந்த வள்ளம் மூழ்குவதை நான் வாசித்தால் இங்கேயும் ஏதாவது நடந்துவிடும் என்று ஓர் எண்ணம். விசர்க்கதை என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, கை போகவில்லை. இவர் வீட்டில் நிற்கும் நாட்களிலோ புத்தகம் நினைவுக்கே வராது. தவணையை நீட்டி நீட்டி வைத்திருந்தேன். கடைசியில், வேறு யாரோ இதற்குக் காத்திருக்கிறார்கள், இனி நீட்ட முடியாது என்று நூலகத்திலிருந்து செய்தி வந்தது. பக்கத்தைத் திருப்பாமலே புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்போம் என்று புறப்பட்டேன். மனதுக்குள் அந்தப் பெண்ணை அப்படியே மணலில் விட்டுவிட்டுப் போகிற மாதிரித்தான் இருந்தது.

நூலகத்தில் ஓர் அறையில் கதிரைகளை வட்டமாகப் போட்டுத் தமிழ் ஆட்கள் இருந்தார்கள். வாசலில் நின்ற அன்ரி ஒருவர் என் கையிலிருந்த புத்தகத்தைக் கண்டுவிட்டு, உள்ளுக்கு வாங்கோ பிள்ளை என்று கையைப் பிடித்து இருத்திவிட்டார். மாதத்தில் ஒருநாள் கூடுவார்களாம். பிடித்த புத்தகம் ஒன்று, இப்போது வாசிக்கிற புத்தகம் ஒன்று, இரண்டைப் பற்றியும் ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். ஒரேயொரு சட்டம்தான் உண்டு. யாராவது ஒரு கதையின் முடிவைச் சொல்லிவிட்டால், அடுத்தமுறை எல்லாருக்கும் அவர்தான், உள்ளே கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் கொண்டுவரவேண்டும். அன்றைக்கு மேசையில் இருந்த ரோல்ஸ், முன்பு டாக்ஸி ஓட்டிய ஓர் அண்ணை கொண்டுவந்தது. பெரும்பாலும் அவர்தான் கொண்டுவருகிறாராம்.

நான் மூலையில் இருந்தேன். அறைக்குள் நல்ல சூடு. கதிரைகளில் தொங்கிய கோட்டுகளிலிருந்து பனி உருகிச் சொட்டியது. ஒருவர் ஒரு பாலைவனத்தைப் பற்றிச் சொன்னார், இன்னொருவர் மழையில் நின்றுபோன ரயிலைப் பற்றிச் சொன்னார், ஒரு பெண் மரங்களோடு பேசுகிற கிழவனைப் பற்றிச் சொன்னார். யன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டே இருந்தது. நித்திரைக்கும் விழிப்புக்கும் நடுவில் யாரோ என் தலையைத் தடவிக்கொண்டு கதை சொல்வதுபோல இருந்தது. பயத்தைக்கூடக் கொஞ்சநேரம் மறந்துவிட்டேன்.

என் முறை வந்தது. எழுத்தாளரின் நடை, கருத்து என்று ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று நெஞ்சு இடித்தது. உள்ளதைச் சொல்லிவிட்டேன். வள்ளம் வராத இடத்தில் நிறுத்தியதையும், இவர் வீதியில் நிற்பதையும், கோதுமைமா பையையும்.

யாரும் சிரிக்கவில்லை. டாக்ஸி அண்ணைதான் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"நான் வாசிச்சனான் தங்கச்சி. சொல்லட்டோ? ரோல்ஸ் எனக்குப் பெரிய விஷயமில்லை."

சொல்லுங்கோ என்ற சொல் என் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் எனக்கு எதிரே இருந்த பெண் அவரைத் தடுத்தார். என் வயது இருக்கும். நகரத்தின் மறுகோடியில், ரெக்ஸ்டேலிலிருந்து பஸ் மாறிமாறி வந்தவர்.

"அண்ணை, ஒருநாளைக்கு எண்டாலும் வாயை மூடிக்கொண்டிருங்கோ." பிறகு என்னைப் பார்த்தார். "உந்தப் புத்தகத்துக்குப் பேர் குடுத்திட்டுக் காத்திருக்கிறது நான்தான்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எடுத்துக்கொள்ளுங்கோ என்று நீட்டினேன். அவர் வாங்கவில்லை. முன்பே இரண்டு தரம் வாசித்ததுதான், திரும்பவும் வாசிக்க ஆசை என்றார். எனக்குச் சட்டென்று ஓர் உயிர் வந்தது.

"அப்ப நல்ல முடிவுதானே? துக்கமெண்டால் ஆர் திரும்ப வாசிப்பினம்?"

"துக்கமான புத்தகங்களைத்தான் நான் கனக்கத் திரும்ப வாசிக்கிறனான்," என்றார். முகத்தில் ஒன்றையும் பிடிக்க முடியவில்லை. நான் சொல்லியிருந்தால் இப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும் என்று அண்ணை முணுமுணுத்தார்.

கூட்டம் கலைந்த பிறகு அந்த ரெக்ஸ்டேல் பெண் என் பக்கத்தில் வந்து, என் மனுசன் இப்போது எங்கே என்று கேட்டார். சுப்பீரியர் ஏரிக்கரை வீதியில் என்றேன். அங்கே சிக்னல் வராது, விடியப் பேசியதுதான், பிறகு சத்தமே இல்லை. எவ்வளவு பக்கம் மிச்சம் என்று கேட்டார். விரல்களுக்கு இடையில் பிடித்துக் காட்டினேன்.

"இருந்து வாசியுங்கோ. இஞ்சை பூட்டுமட்டும் நான் பக்கத்திலை இருக்கிறன். ஒண்டும் சொல்லமாட்டன்."

யன்னலோரத்தில் இரண்டு கதிரைகளைப் போட்டோம். அவர் தன் பையிலிருந்து வேறொரு புத்தகத்தை எடுத்து விரித்தார். நான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அந்தப் பெண் இன்னும் மணலில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

வாசித்தேன். ஒரு வரி, பிறகு ஒரு வரி. வெளியே கார்கள் எல்லாம் வெள்ளை மேடுகளாகிவிட்டன. வீதி எது, நடைபாதை எது என்று தெரியவில்லை. பனி ஒரே சீராக இறங்க, நூலகம்தான் மெல்ல மேலே மிதப்பதுபோல இருந்தது. கடலில் அந்த வள்ளம், பனியில் இவருடைய லொறி, நடுவில் நாங்கள் இரண்டு பெண்கள் இருந்த இந்த வெளிச்சமான அறை, மூன்றும் ஒரே தண்ணீரில் மிதந்தன. ஓரிடத்தில் என் விரல் நின்றுவிட்டது. அவர் தலையை நிமிர்த்தவில்லை. கடதாசியில் சுற்றிய பாதி ரோல்ஸை மட்டும் என் பக்கமாகத் தள்ளினார். அதைத் தின்றுகொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். பிறகு நிற்கவில்லை.

கடைசி வரி முடிந்து நிமிர்ந்தபோது விளக்குகளை அணைக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கவுண்டரில் நான் புத்தகத்தைக் கொடுக்க, அதே இடத்தில் அதை அவர் பெயரில் பதிந்து அவரிடம் கொடுத்தார்கள். தொப்பிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, புத்தகத்தைக் கோட்டுக்குள் அணைத்தபடி பஸ் தரிப்பை நோக்கி நடந்தார். பனி அவரை மூடிவிட்டது.

அப்போதுதான் தொலைபேசியின் நினைவு வந்தது. தொங்கவிட்டிருந்த கோட்டுப் பைக்குள்ளேயே கிடந்திருக்கிறது. இவரிடமிருந்து தவறிய அழைப்புகள், ஒன்றுக்கு மேலே ஒன்று. உடனே அவருக்குத் திருப்பி எடுத்தேன்.

"எங்கை போனனீர்? எத்தினை தரம் அடிச்சனான். என்னவோ ஏதோ எண்டு பயந்துபோனன்."

இத்தனை வருடமாக நான் சொல்லிவந்த வசனம் அது. அவர் வாயிலிருந்து கேட்க வேறு மாதிரி இருந்தது. வீதியைப் பூட்டிவிட்டார்களாம், சிக்னல் வருகிற ஒரு பெற்றோல் நிலையத்தில் லொறியை நிற்பாட்டிவிட்டுச் சூடாகத்தான் இருக்கிறாராம். நான் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன் என்றேன். பிறகு, என்ன கதை என்று கேட்டார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல்தரம்.

பனிக்குள் நடந்தபடியே சொன்னேன். அந்த ஊர், அந்தப் பெண், உப்பில்லாத கறி, காற்று மாறியது, மற்ற வள்ளங்கள் திரும்பியது எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

"பிறகு? வள்ளம் வந்ததோ?"

"நீங்கள் வீட்டை வாங்கோ, சொல்லுறன்."

வீதி திறந்து இவர் வந்து சேர ஒரு கிழமையானது. வாசலில் சப்பாத்தில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டு, தண்ணீர்கூடக் கேட்காமல், வள்ளம் வந்ததோ என்றுதான் முதலில் கேட்டார். அவருக்குச் சொன்னேன். இங்கே சொல்லமாட்டேன். ரோல்ஸுக்குப் பயம் ஒருபக்கம், உங்களிலும் யாராவது எங்காவது ஒரு பக்கத்தில் நின்றுபோயிருப்பீர்கள் என்ற நினைப்பு மறுபக்கம்.

பயம் என்னை விட்டுப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன், அடுப்பைப் பார்க்க இன்னும் திரும்பி ஓடுகிறேன். ஆனால் இவர் லொறியில் ஏறும் ஒவ்வொரு தரமும், நான் அப்போது வாசிக்கிற கதையில் பாதியைச் சொல்லித்தான் அனுப்புகிறேன். மீதியைக் கேட்க அவர் எப்படியும் வருவார் என்று, அன்றைக்கு நூலகத்தில் அந்தப் பெண் என் பக்கத்தில் இருந்த தைரியத்தோடு, நான் அடுத்த பக்கத்தைத் திருப்புகிறேன்.