எம்.எல்.ஏ.வுக்காக நிறுத்திய பயிர்

அம்மையப்பன் ஒரு கதிரைத் தாங்கிப் பிடித்து மெல்ல உதறினார். நாலைந்து மணிகள் உள்ளங்கையில் விழுந்தன, மற்றவை தரையில். ஒன்றை முன்பல்லில் வைத்துக் கடித்தார். முறிந்தது. நாலு நாளைக்கு முன்னாலேயே அப்படித்தான் முறிந்தது.

பக்கத்து வயல்காரர் இசக்கியப்பன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"என்ன சார்வாள், எம்.எல்.ஏ. வந்து தாலி கட்டுவாருன்னு பயிரை உக்கார வச்சிருக்கீரோ? நாங்கள்லாம் அறுத்து, அடிச்சு, அவிச்சுத் தின்னுட்டோம் வே."

அம்மையப்பன் சிரித்துவைத்தார். அந்தப் பக்கத்தில் பிசானப் பருவத்து நெல் அறுவடை முடிந்து பத்து நாளாகிவிட்டது. கால்வாயிலும் தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள். வெறும் தாள்களாகக் கிடந்த வெளியின் நடுவே பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமான ஐம்பது சென்ட் மட்டும் மஞ்சளாக நின்றது. ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் அவரும் விட்டிருந்தார்.

அந்த மேல்நிலைப் பள்ளியில் வேளாண்மைத் தொழிற்பிரிவுக்கு அவர் ஒருவர்தான் ஆசிரியர். பன்னிரண்டு வருஷமாகப் பகுதிநேரம். மே மாதம் அவருக்குச் சம்பளம் கிடையாது. அந்த மாதத்தை மனைவி பாலம்மாளின் பீடிக்கட்டுதான் தாங்கும். இதையெல்லாம் அவர் பெரிதாகச் சொல்லிக்கொண்டது கிடையாது. ஆனால் வருகிற ஜூனில் பிளஸ் ஒன்னில் வேளாண்மைக்குப் புதுச் சேர்க்கை வேண்டாம் என்று பேச்சு அடிபட்ட நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நிதி இல்லை, பிள்ளைகளும் சேருவதில்லை என்று காரணம் சொன்னார்கள். பிள்ளைகள் சேராததற்குக் காரணம் வேறு. விக்கிரமசிங்கபுரத்து மில்லில் வேலை பார்க்கிற தகப்பன் எவனும் மகனை வயலுக்குப் படிக்க வைப்பானா?

மனு எழுதினார். ஒன்பது முறை எழுதிக் கிழித்தார். நிரந்தர ஆசிரியர் பணியிடம், பண்ணைக்கு ஒரு கிணறு, மாணவர்களின் இளம் உழவர் மன்றத்துக்கு வருஷம் ஒரு பயிற்சி முகாம். மூன்றாவதைத் தலைமையாசிரியர் அடித்துவிடச் சொன்னார். அம்மையப்பன் அடிக்கவில்லை. முன்பு ஒரே ஒரு வருஷம் அப்படி ஒரு முகாம் நடந்தது. அதற்குப் போய் வந்த பையன் ஒருவன், கால்வாய்க் கூட்டத்தில் பெரிய பெரிய ஆட்களுக்கு முன்னால் எழுந்து, கடைமடை வயலுக்கு மட்டும் ஏன் கடைசியில் தண்ணீர் என்று கேட்டான். அடுத்த வருஷம் தண்ணீர் விடும் முறையை மாற்றினார்கள். மனுவில் எந்த இடத்தில் எழுதினாலும் இது சின்ன விஷயமாகத் தெரிந்தது. அவருக்கு அது சின்ன விஷயமில்லை.

தைப்பூசத்தன்று சட்டமன்ற உறுப்பினரைப் பார்த்தார். உறுப்பினர் மனுவை முழுதும் படித்தார். அதுவே அம்மையப்பனுக்குப் பெரிய காரியமாக இருந்தது. பங்குனியில் மானியக் கோரிக்கை விவாதம் வரும்போது பேசுவதாகச் சொல்லிவிட்டு மேலும் சொன்னார்:

"நீரு அறுக்கதுக்கு முன்னால எனக்குச் சொல்லும். நானே வந்து முதல் அரிவாளைப் போடுதேன். பேப்பர்ல படம் வரட்டும். அந்தப் படத்தோட சபையில எந்திரிச்சா ஒருத்தனும் இல்லேங்க மாட்டான்."

பயிர் பழுத்ததும் அம்மையப்பன் சொல்லியனுப்பினார். முதலில் குறித்த தேதியில் கட்சி மாநாடு. அடுத்த தேதியில் ஒரு துட்டி வீடு, சாவுக்குப் போக வேண்டியிருந்தது. மூன்றாவதாக வருகிற புதன்கிழமை, கட்டாயம் என்று உதவியாளர் சொன்னார்.

வெள்ளிக்கிழமை இளம் உழவர் மன்றம் கூடியது. தலைவி சபீதா, மில் தொழிலாளி ஒருவரின் மகள். பிளஸ் டூ. கதிரில் நூற்றுக்கு எண்பது பங்கு மணி பழுத்ததும் அறுக்க வேண்டும், பிந்தினால் மணி உதிரும் என்று போன மாதம் அவர் கரும்பலகையில் எழுதிப்போட்டதையே அவள் திருப்பிச் சொன்னாள். நாளைக்கே அறுப்போம், உறுப்பினர் வந்தால் நெல்லைக் காட்டலாம் என்றாள். பதினாலு பேரில் பன்னிரண்டு பேர் கை தூக்கினார்கள்.

குவித்துவைத்த நெல்லை யாரும் படம் எடுக்க மாட்டார்கள் என்று அம்மையப்பன் சொன்னார். இன்னும் ஐந்து நாள்தானே என்றார். பிள்ளைகள் தூக்கிய கையை இறக்கினார்கள். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது என்று நோட்டில் அவரே எழுதினார். எழுதும்போது சபீதாவைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் பொதிகை மலைப் பக்கம் கறுத்தது. மாசியில் யாரும் எதிர்பார்க்காத மழை, இரண்டு மணி நேரம் அடித்துப் பெய்தது. செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பார்த்தபோது ஐம்பது சென்ட்டும் பாய் விரித்தமாதிரிக் கிடந்தது. உறுப்பினரின் வீட்டுக்குப் போன் செய்தார். எடுத்தவர், ஐயா வெளியூரில் இருக்கிறார், புதன்கிழமை வருவது உறுதி என்று மட்டும் சொன்னார்.

உறுப்பினர் வந்தார். சொன்ன நேரத்துக்கே வந்தார். மாலையும் சால்வையும் தலைமையாசிரியர் போட்டார். போட்டோக்காரர் வயலைப் பார்த்துவிட்டுக் கேமராவைத் தோளிலேயே வைத்துக்கொண்டார்.

உறுப்பினர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். சாய்ந்த தாளை விலக்கி அடியில் கிடந்த கதிரை எடுத்தார். மணிகளில் வெள்ளை முளை எட்டிப்பார்த்தது. அவரும் வயல் வீட்டுப் பிள்ளைதான். எல்லாம் அவருக்குத் தெரிந்தது.

"இதச் சொல்லிக் குடுக்கதுக்கா வே சபையில நான் பணம் கேக்கணும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

சபீதா பேசினாள்.

"அறுக்கணும்னு வெள்ளிக்கிழமையே தீர்மானம் போட்டோம் ஐயா. நீங்க வருவீங்கன்னுதான் சார் நிறுத்தினாங்க."

உறுப்பினர் அவளைப் பார்த்தார். பிறகு அம்மையப்பன் பக்கம் திரும்பினார்.

"பிள்ளைக சரியாத்தானவே சொல்லியிருக்கு. நீரு யாரு பேச்சைக் கேட்டீரு?"

"உங்க பேச்சைத்தான்யா."

கையிலிருந்த கதிரைக் கீழே போடுவதா வைத்துக்கொள்வதா என்று உறுப்பினருக்குத் தெரியவில்லை. உதவியாளரிடம் கொடுத்தார். அம்மையப்பன் கையில் வைத்திருந்த மனுவின் நகலையும் வாங்கி உதவியாளரிடமே கொடுத்தார். கார்ப் பக்கம் போய்க் கால் கழுவியபடி தலைமையாசிரியரோடு தனியாகப் பேசினார். ஊருக்கு இப்போது தேவை என்ன என்று கேட்டாராம். தட்டச்சும் கணக்கியலும் என்று தலைமையாசிரியர் சொன்னாராம். அப்படியானால் பத்துத் தட்டச்சு மெஷினுக்குச் சபையில் கேட்கிறேன், கேட்டால் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

பிள்ளைகள் கலைந்த பிறகும் சபீதா வரப்பில் நின்றாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை என்று அவளிடம் சொல்ல அம்மையப்பனுக்கு வாய் வரை வந்தது. அதைச் சொல்வதானால் வெள்ளிக்கிழமையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அரிவாள்களை எண்ணிக் கட்டிவைக்கச் சொன்னார். அவள் கட்டிவைத்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்குப் பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். சாய்ந்த பயிர் என்பதால் அறுப்பு மெதுவாக நடந்தது. பத்தரைக்கு முடிந்தது. முளைத்த நெல் விதைக்கு உதவாது என்று தனியாக ஒதுக்கினார்கள். மிஞ்சியதை அடித்துப் பள்ளி மொட்டை மாடியில் காயப்போட்டார்கள். பேப்பரில் படம் எதுவும் வரவில்லை. ஜூன் முதல் வேளாண்மைப் பிரிவு தேவையில்லை, பதிலாக அலுவலகப் பணிப் பிரிவு தொடங்கலாம் என்று தலைமையாசிரியர் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். பியூன் அதை எடுத்துக்கொண்டு பதினொரு மணி பஸ்ஸில் போனார். மதியம் பிளஸ் டூவுக்கு இரண்டு பீரியட் இருந்தது. அம்மையப்பன் பயிர்ப் பாதுகாப்பு எடுத்தார். நாலேகாலுக்கு மணி அடித்தது.